எட்டுப் பேர் அறைக்கு ஏதென்ஸ் சொன்ன நீதி

ஞாயிறு காலை ஏழு நாற்பதுக்கு துபாய் அல் குபைபா நிலையத்திலிருந்து அல் ஐன் பேருந்து கிளம்பியது. ஆளுக்கு இருபத்தைந்து திர்ஹாம். நூற்று நாற்பது கிலோமீட்டர் சொச்சம், இரண்டு மணி நேரப் பயணம். நான், என் அண்ணன் சேகர், அல் கூஸ் தொழிலாளர் கேம்பில் அவனுடைய அறைக்காரர்களான பீர் முகமது அண்ணன், செல்வராஜ் என்று நான்கு பேர் போனோம். அந்த அறையில் மொத்தம் எட்டுப் பேர். மற்ற ஐவருக்கும் அன்று டூட்டி.

முந்தின நாள் துபாயில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்திருந்தேன். பழைய கிரேக்கத் தத்துவத்தில் நீதியும் லட்சிய நாடும் என்பது பொருள். புதுக்கோட்டைப் பக்கம் கல் உடைக்கும் குடும்பம் எங்களுடையது. அதில் கல்லூரிக்குள் நுழைந்த முதல் ஆள் நான்; இப்போது திருச்சியில் தத்துவம் கற்பிக்கிறேன். பெயர் அச்சிட்ட கருத்தரங்கு அட்டையை மறுநாளும் கழுத்திலிருந்து கழற்றாமல்தான் பேருந்தில் ஏறினேன்.

செல்வராஜின் மடியில் துணி சுற்றிய தூக்குச்சட்டி இருந்தது. புளிச்சோறும் கோழி வறுவலும். அவருக்கு இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம் ஊர். கிடங்கில் சுமை தூக்குகிறார். கேம்பில் மற்ற அறைகளில் நாளுக்கு ஒருவராக முறை வைத்துச் சமைப்பார்கள். இந்த அறையில் மட்டும், கைமணம் காரணமாக, இரண்டு வருடமாக தினமும் செல்வராஜ்தான். பதிலுக்கு அவர் கழிப்பறை கழுவ வேண்டாம், சாமான் வாங்கப் போக வேண்டாம்.

நகரம் முடிந்து மணல் தொடங்கியதும் பீர் அண்ணன் பின்னால் திரும்பினார். தென்காசிக்காரர். அறையில் அவர் பேச்சுக்குத்தான் மதிப்பு.

"ஏம்மா, படிச்ச புள்ள, நீயே ஒரு தீர்ப்பு சொல்லு. இவன் ஃபோர்க்லிஃப்ட் கிளாஸுக்குப் போறேங்கான். அப்போ நாங்க ஏழு பேரும் குப்பூஸ் ரொட்டியைத் தின்னுட்டுக் கிடக்கவா?"

கம்பெனி இரண்டு பேருக்கு மட்டும் பயிற்சி தருகிறதாம். மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை, ஆறு வாரம். முடித்தால் சுமை தூக்குவது போய் வண்டி ஓட்டலாம். திங்கள் காலைக்குள் பெயர் கொடுக்காவிட்டால் இடம் வேறொருவருக்கு. அறையிலோ எட்டு மணிக்குச் சோறு வேண்டும்.

"வேற யாராவது சமைக்கலாமே?" என்றேன்.

"உங்க அண்ணன் வச்ச சாம்பாரை ஒரு தடவ கேம்ப் பூனைக்கு ஊத்துனோம். அது கேம்பையே மாத்திட்டுப் போயிருச்சு."

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டான். எனக்கோ, நேற்று மேடையில் பேசியது இன்னும் நாக்கிலேயே இருந்தது.

"ஏதென்ஸ்ல ஒரு பெரிய ஆசிரியர் இதைப் பத்திச் சொல்லியிருக்காருண்ணே. யாருக்கு எது நல்லா வருதோ, அதை அவங்க செய்யணும், அடுத்தவங்க வேலையில தலையிடக் கூடாது. அப்பதான் அந்த நகரத்துல நீதி இருக்கும்னு."

பீர் அண்ணன் இருக்கையைத் தட்டினார். "கேட்டியாடே செல்வராஜு! கிரேக்கக்காரனே சொல்லிட்டான். கலாஸ், பேச்சு முடிஞ்சுது!"

செல்வராஜ் சிரித்தார். "மிஸ், எனக்கு எது நல்லா வரும்னு அந்த ஊர்ல யாரு சொல்றது?"

"ஆள்றவங்க. சின்ன வயசிலேருந்து சோதிச்சுப் பார்த்து."

"ரூம்ல யாரும் சோதிக்கலையே மிஸ். வந்த அன்னைக்கு நான் வச்ச குழம்பு நல்லா இருந்திச்சு. அவ்வளவுதான்."

மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு அல் ஐன். நிலையத்திலிருந்து பேரீச்சைச் சோலைக்கு நடந்தே போய்விடலாம். அனுமதி இலவசம். இரண்டு பக்கமும் மண் சுவர், நடுவே நிழல் விழுந்த பாதை; வெளியே இருந்ததைவிட வெயில் பாதியாகிவிட்டது. சுவரோரம் முழங்கை அகல வாய்க்காலில் தெளிந்த நீர் ஓடியது. சல்வாரை முழங்கால்வரை மடித்திருந்த ஒரு பாகிஸ்தானியர் ஒரு மடையைக் கல்லாலும் சாக்காலும் அடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தார். அண்ணன் இந்தியில் விசாரித்தான்.

"பாரி பாரி, பாய். சப் கா பாரி ஹை," என்றார் அவர்.

"முறைத் தண்ணியாம். எல்லாத் தோட்டத்துக்கும் முறை உண்டாம்," என்றான் அண்ணன்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஏதென்ஸ் ஆசிரியரின் மாணவர் ஒருவர், நல்ல நகரத்தில் குடிமக்கள் முறைவைத்து ஆள்வார்கள், முறைவைத்து ஆளப்படுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். என் கட்டுரையின் கடைசிக்கு முந்தின பக்கத்திலேயே அது இருக்கிறது. மனிதர்களைப் பொன், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்த அந்த ஆசிரியரும்கூட, வெண்கலப் பெற்றோருக்குப் பொன் குழந்தை பிறந்தால் அதை மேலே ஏற்ற வேண்டும் என்கிறார். நேற்று மேடையில் அந்த வரியை வாசித்தபோது கல் உடைக்கும் வீட்டுப் பெண்ணான என்னைத்தான் நினைத்துக்கொண்டேன். செல்வராஜிடம் பேசும்போது அது நினைவுக்கே வரவில்லை.

பன்னிரண்டரைக்குப் பக்கத்துப் பூங்காவில் வேப்பமர நிழலில் சாப்பிட உட்கார்ந்தோம். புளிச்சோறு அபாரம். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டுதான் சொன்னேன்.

"பீர் அண்ணே, காலையில நான் சொன்னது பாதிதான். மீதி செல்வராஜுக்குச் சாதகமா இருக்கு." அதையும் சொன்னேன்.

"காலையில ஒரு தீர்ப்பு, மத்தியானம் ஒரு தீர்ப்பா? மீதியை எப்படி மறந்தே?"

"பஸ்ல தூக்குச்சட்டி வாசம் அப்படி அடிச்சா மறந்துதான் போகும்ணே. உங்களுக்கும் அதே மறதிதான்."

அவர் கோழி எலும்பைக் கடித்து முடித்தார். "ஆறு வாரந்தானே? அப்புறம் இவன்தானே சமையல்?"

"இல்லண்ணே," என்றார் செல்வராஜ். அன்று முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "அப்புறமும் முறைதான். எட்டு நாளைக்கு ஒரு நாள் நான் சமைக்கிறேன். கக்கூஸும் என் முறைக்கு நான் கழுவுறேன்."

"கக்கூஸையும் கேட்டு வாங்குறான் பாரு," என்றார் பீர் அண்ணன். பிறகு கையை நீட்டினார். "பேனா குடும்மா."

காகிதம் இல்லை. கழுத்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் பின்பக்கத்தில் எட்டுப் பெயர்கள் ஏறின; செல்வராஜின் பெயருக்கு எதிரே மட்டும் 'ஆறு வாரம் கழித்து' என்று. "நாளைக்கு நான்," என்றான் அண்ணன்.

"யா அல்லாஹ், இப்போ அந்தப் பூனைகூட இல்லையே!"

அட்டையைப் படமெடுத்து மற்ற ஐவருக்கும் அனுப்பினார்கள். ஒருவர் கட்டைவிரல் காட்டினார், ஒருவர் அழும் முகம் போட்டார். ஐந்து மணிப் பேருந்தில் ஏறியதும் செல்வராஜ் சூப்பர்வைசருக்குத் தன் பெயரை அனுப்பிவிட்டு, துபாய் வரும்வரை தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை ஊருக்கு வந்தேன். கல் உடைத்துத் திரும்பிய அம்மா கை கழுவிவிட்டு நேராக அடுப்புக்குப் போனாள். பள்ளிக் காலத்திலிருந்து "நீ படி" என்று என்னை அந்தப் பக்கமே விட்டதில்லை. எங்கள் வீட்டில் ஒருநாளும் முறை வைத்ததில்லை. பெருமையோடு படித்துக்கொண்டிருந்த நானும் அதைக் கேட்டதில்லை.

"இன்னைக்கு என் முறைம்மா," என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்?" என்றாள். ஆனால் உட்கார்ந்துவிட்டாள்.

சோறு குழைந்தது, குழம்பு அடிப்பிடித்தது. அம்மா இரண்டு தடவை தண்ணீர் குடித்துச் சாப்பிட்டு முடித்தாள். அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைத்து, இரவு பதினொரு மணிக்குத் தேய்க்கும்போது செல்வராஜிடமிருந்து குரல்செய்தி வந்தது.

"மிஸ், முதல் கிளாஸ் முடிஞ்சிச்சு. இன்னைக்குப் பீர் அண்ணன் சமையல். சாப்பாடு ரொம்ப மோசம் மிஸ். வயிறு நிறையச் சாப்பிட்டேன்."