ஜாமீன் போடாத அக்கா

மருந்துக்கடை அக்காவுக்கு யாரிடமும் ஐந்து பைசா கடன் கிடையாது. கடனுக்கு பைக் வாங்கி ஊர் சுற்றியவன் அவள் தம்பி. தவணை கட்டாமல் டிமிக்கி கொடுத்தவனும் அவன்தான். வசூல்காரர்கள் இரண்டு பேர் வந்து நின்றதோ அக்கா வேலை பார்த்த கடை வாசலில்.

"தம்பி காசை முழுங்கிட்டான், நீ இங்க ஜம்முனு மாத்திரை விக்கிறியா?" என்று ஒருவன் கத்தினான். இருமல் மருந்துக்கு நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அக்கா கூனிக்குறுகிப் போய், சம்பளத்தில் பாதியை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துப் பழக்கினால் சும்மா விடுவார்களா? அடுத்த மாதமும் வந்து வாங்கிப் போனார்கள். மூன்றாம் மாதம் முதலாளி கடுகடுத்தார். "இன்னொரு தடவை இந்தக் கூத்து நடந்தா, நீ வேற இடம் பார்த்துக்கம்மா."

இத்தனைக்கும் நடுவில், தம்பியை என்ன பாடு படுத்துகிறார்களோ என்றுதான் அந்தப் பைத்தியக்காரி கவலைப்பட்டாள்.

கடைக்கு வாடிக்கையாக வரும் வக்கீலம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொதித்தார்.

"நீங்க ஜாமீன் கையெழுத்து போட்டீங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்குக் கட்டுனீங்க? உங்ககிட்ட கேக்கவே அவங்களுக்கு உரிமை இல்ல. வேலை செய்யற இடத்துல வந்து அசிங்கப்படுத்தறதும் தப்பு. எழுதிக் கொடுங்க."

அக்கா நுகர்வோர் குறைதீர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். விசாரணைக்கு வந்த கடன் கம்பெனி மேலாளர் அசடு வழிய மன்னிப்புக் கேட்டார். அவள் கட்டிய பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதியும் கொடுத்தார். "நாங்களா அங்க வரலம்மா" என்று ஒரு தாளை நீட்டினார். தம்பியோடு பேசியதை வசூல்காரன் குறித்துவைத்த தாள் அது.

'அக்கா மருந்துக்கடையில் வேலை. மாலை ஆறு மணிக்குக் கூட்டம் அதிகம். அப்போது போய்ச் சத்தம் போட்டால் மானத்துக்குப் பயந்து கட்டிவிடுவார் என்று கடன் வாங்கியவரே சொன்னார்.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். கத்திய தடியன்கள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அலுவலகப் படியில் நின்றபடியே தம்பிக்குப் போன் போட்டாள்.

"என்கிட்ட நேரா கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா. எதுக்குடா ஆளை விட்டுக் கேட்டே?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவன் மெதுவாகச் சொன்னான்.

"கம்பெனில இருந்து இப்பதான் போன் பண்ணாங்க, நீ கட்டுன பணத்தைத் திருப்பித் தர்றாங்களாமேக்கா. வாங்கிடாதே. அது மறுபடி என் தலையிலதானே விழும்?"