பொறியைக் கண்டு ஓடியவர்கள்

மருமகள் பேச்சியம்மாளின் மூத்த மகள் பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு. அடுத்தவன் ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டான். கடைக்குட்டி கோ-கோ விளையாட்டில் மாவட்ட அணியில் இருக்கிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேரப்பிள்ளைகளின் பெருமையைச் சொல்லாமல் இருக்க முடியுமா? சாத்தூரில் என் மகள் வீட்டிலிருந்து கதிரேசன் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் மனைவிதான் எடுத்தார். "நேத்து காலையில தவறிட்டாக, மதினி" என்றார்.

விருதுநகர் ரோட்டில் அவருடைய ஷெட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அவரை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஷெட்டில் இயந்திரம் ஓடிய முதல் நாளில் இல்லாதவர்களுக்காக எழுதுகிறேன்.

விரல்நகம் அளவு உலோக டப்பா. உள்ளே மின்னணுப் பாகம். மூடியின் விளிம்பை லேசர் ஒளியால் உருக்கி அடைக்கவேண்டும். ஈரக்காற்று கொஞ்சம் புகுந்தாலும் பாகம் வீண். அந்த வேலைக்குச் சேர்ந்த நாங்கள் ஆறு பேரும் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்தவர்கள். பேச்சி அங்கே வெடிமருந்து கலந்துகொண்டிருந்தாள். அவள் மறுபடி அந்த அறைக்குள் போகக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

ஆர்டர் கொடுப்பவர் வந்து நிற்கும்போது இயந்திரத்தைப் போட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு பொறி தெறித்தது. ஆறு பேரும் செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டுக்கு ஓடிவிட்டோம். இவர்களை வைத்தா வேலை நடக்கும் என்று வந்தவர் கேட்டாராம். தம்பி ரோட்டுக்கே வந்தார். திட்டவில்லை.

"சரியாத்தான் ஓடுனீக. ஆனா இங்கன பொறி வந்தாத்தான் சோறு. வாங்க."

பிறகு பேச்சி அடைத்த டப்பாக்களைச் சூடான திரவத்தில் அமிழ்த்தினார்கள். குமிழி வந்தால் ஓட்டை என்று அர்த்தம். வந்தவர் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஓரத்து டப்பாவில் கடுகில் பாதி அளவுக் குமிழி ஒன்று ஏறியதை நான் பார்த்துவிட்டேன். சொன்னால் பேச்சிக்கு வேலை போகும். ஆனாலும் சொன்னேன்.

"தம்பி, ஓரத்து டப்பாவுல காத்து வருது."

பேச்சி என்னை முறைத்தாள். தம்பியோ டப்பாவைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

"மருமக டப்பாவை மாமியாளே பிடிச்சுக் கொடுக்காக. இதுக்கு மேல என்ன சோதனை சார் வேணும்?"

வந்தவரும் சிரித்துவிட்டார். ஆர்டர் கிடைத்தது. பேச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று அந்த இயந்திரமே அவள் பொறுப்பில் இருக்கிறது.

நம் வீட்டுத் தப்பானாலும் வாய்திறந்து சொல்லலாம், சொன்னால் சோறு போய்விடாது. தம்பி எனக்கு விட்டுப்போன தைரியம் இது.

ஷெட்டில் இருப்பவர்களே, பேச்சியை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, தம்பி நினைவாக எல்லோரும் சேர்ந்து புதுசாக ஒரு போட்டோ எடுத்து எனக்குச் சாத்தூருக்குத் தபாலில் அனுப்புங்கள். விறைப்பாக நிற்காமல் சிரித்துக்கொண்டு நில்லுங்கள்.