ஏழுமலையின் பேப்பரும் எங்கள் கடை பெஞ்சும்

டிக்கெட் போடுவது அரை மணி வேலை. டிக்கெட் வாங்கியவரின் பயத்தைப் போக்குவதுதான் எங்கள் டிராவல்ஸ் தொழிலில் மீதி நாளெல்லாம் வேலை. கவுண்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்து காலம் தள்ளும் சக பாவிகளே, இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் புதுச்சேரியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

காலாவதியான கார்டு

முதலியார்பேட்டை ஏழுமலை பாரிசில் ஓட்டல் சமையல்காரர். மூன்று வயது மகளை முதல் தடவையாகப் பார்க்கப் பதினைந்து நாள் லீவில் வந்திருந்தார். வேலை அனுமதி கார்டு காலாவதி. புதுக் கார்டு வரும்வரை மூன்று மாதம் நீட்டித்து அங்கே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்; ரெசெப்பிசே என்பார்கள். திரும்ப உள்ளே விடாவிட்டால் ஏழு வருட வேலை போச்சு, முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார் என்று கலங்கினார்.

கார்டையும் தாளையும் சேர்த்துக் காட்டினால் விடுவார்கள், நிம்மதியாகப் போய்ப் பிள்ளையோடு விளையாடுங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் நிற்கிறார்.

“இன்னொருதபா படிச்சிப் பாத்துடுங்க சார், நேத்து நீங்க அவசரமா பாத்தீங்க.”

சொல்தா தீர்ப்பு

மூன்றாம் நாள் துணைக்கு ஒரு பெரியவரையும் அழைத்து வந்தார். அவர் தெருக்காரர்; பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு, இந்தத் தாளை வைத்து வெளியே வரலாம், உள்ளே போக முடியாது என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஏழுமலை முகம் செத்துப்போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வருடமாக இதே தாளோடு ஆட்களை அனுப்புகிறேன் ஐயா, சட்டம் எப்போதோ மாறிவிட்டது என்றேன். பெரியவர் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டார்.

“நான் அல்ஜீரியாவுல இருந்தவன் தம்பி. எனக்கா பேப்பர் பாக்கத் தெரியாது?”

சாந்தியின் உதவி

அடுத்த கூத்து எங்கள் கடையிலேயே நடந்தது. நான் சாப்பிடப் போன நேரத்தில், மடித்து மடித்துத் தாள் நைந்துவிட்டது என்று ஏழுமலை கண் கலங்க, என்னோடு வேலை பார்க்கும் சாந்தி இரக்கப்பட்டு அதை லேமினேட் செய்துவிட்டாள். எங்கள் போர்டிலேயே ‘டிக்கெட், ஜெராக்ஸ், லேமினேஷன்’ என்றுதானே இருக்கிறது!

தாளில் குத்திய முத்திரையைத் தடவிப் பார்க்காமல் எந்த அதிகாரி நம்புவான்? பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மையும் சேர்ந்து வரும். இருவரையும் திட்டித் தீர்த்தேன். சாந்தி அசரவில்லை.

“கிழியப் போவுதுன்னு அழுதாரு சார். அதான் நல்ல தடி ஷீட்டாவே பாத்துப் போட்டேன்.”

கடை பெஞ்ச்

இந்த லேமினேஷன் தாளோடு ஏற்றிக்கொள்வீர்களா என்று விமானக் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன். பதில் வர ஆறு நாள். ஆறு நாளும் ஏழுமலை எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போங்கள், வந்ததும் போன் செய்கிறேன் என்றால் கேட்கவில்லை. மத்தியானம் மனைவி மகளோடு சாப்பாடு கொண்டு வருவார். ஏழுமலை கையை நீட்டுவார்; அந்தக் குழந்தை அம்மா புடவைக்குள் ஒளிந்துகொள்ளும். அப்போது மட்டும் எனக்குக் கோபம் வராது. ஒருவழியாகப் பழைய கார்டு, சம்பளச் சீட்டு, லேமினேஷன் தாள் எல்லாம் இருந்தால் ஏற்றிக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. லீவில் மிச்சம் மூன்று நாள். அதிலும் ஒரு நாள் பாரிஸ் ஓட்டலிலிருந்து சம்பளச் சீட்டை வரவழைப்பதில் போனது.

பாரிஸ் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். என்ன ஆச்சு என்று நான் பதறிக் கேட்க, மனுஷன் சாவகாசமாகச் சொல்கிறார்:

“அந்த ஆபீசரு தாளைத் திருப்பிக்கூட பாக்கல சார். போ போன்னு கையைக் காட்னான்.”

மகள் சொன்னது

ஒரு மாதம் கழித்து ஏழுமலையின் மனைவி கடைக்கு வந்தார். கணவருக்குப் புதுக் கார்டு கிடைத்துவிட்டது என்று சொல்லி ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார். குழந்தை என்னையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்தது. பெஞ்சுக்கு அடியில் குனிந்துகூடத் தேடியது. என்ன பாப்பா தேடுகிறாய் என்றேன். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

“அப்பா எங்கன்னு யாரு கேட்டாலும், டிராவல்ஸ் கடையில ஒக்காந்திருக்குதுன்னுதான் சார் சொல்லுது.”

அன்றிலிருந்து பேப்பர் சந்தேகம் என்று யார் இரண்டாம் தடவை வந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையோடு இருங்கள் என்று துரத்திவிடுகிறேன், அதற்காக எங்கள் கடை முதலாளி என்னைத்தான் துரத்தப் பார்க்கிறார்.