நகை இல்லை என்று எழுதினேன்

ஞாயிறு காலை எட்டு மணி நாற்பது நிமிடம். கோயிலை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் பிள்ளைகளை முதன்முதலாக நற்கருணை வாங்கத் தயார்செய்யும் புதுநன்மை வகுப்பு தொடங்கியபோது என் கண்ணில் முதலில் பட்டது ஆசிரியையின் காது. துளை இருந்தது, கம்மல் இல்லை. கழுத்திலும் ஒன்றும் இல்லை. மணமானவர், அவருடைய மகள் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள்.

குமரி மாவட்டத்தில் இதற்கு ஒரு பொருள் உண்டு. பெந்தேகோஸ்தே சபைகளில் சேருகிற பெண்கள் முதலில் கழற்றுவது நகையைத்தான். பக்கத்து வீட்டுக்காரி கம்மலைக் கழற்றினால், எந்த ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள் என்று கேட்பார்கள். காதில் புண்ணா என்று கேட்க மாட்டார்கள்.

நான் நாகர்கோவிலில் ஒரு நாளிதழில் செய்தியாளராகவும் பிறகு துணையாசிரியராகவும் இருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு மறைமாவட்டத்தின் மறைக்கல்விக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பங்குகளுக்கு, அதாவது ஒவ்வொரு ஊர்க் கோயிலுக்கும், போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்து ஞாயிறு வகுப்பைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர்களுக்கு என்ன உதவி தேவை என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். கடற்கரைப் பங்குகள் என் பொறுப்பில் இருந்தன. இந்தப் பங்கு நாகர்கோவிலிலிருந்து அரை மணி நேரப் பயணம்.

வகுப்பு நன்றாகவே நடந்தது. பாடம் முடிந்ததும் ஆசிரியை பிள்ளைகளைக் கண்மூடச் சொல்லி, ஒவ்வொருவரையும் சொந்த வார்த்தையில் ஜெபிக்க வைத்தார். ஒரு சிறுமி கண்ணைத் திறந்தாள்.

“டீச்சர், அருள்நிறைந்த மரியே சொன்னா போராதா?”

“அதையும் சொல்லு மக்கா. அதுக்கு முன்ன உனக்க வாயத் தெறந்து ஒரு வார்த்த கேளு. உங்க அம்மைகிட்ட மிட்டாய் கேக்கும்போ மனப்பாடமாவா கேக்க?”

பிள்ளைகள் சிரித்தார்கள். என் பக்கத்தில் நின்ற பங்குப் பேரவைத் துணைத்தலைவர் சிரிக்கவில்லை. விசைப்படகு வைத்திருப்பவர். என் காதருகே குனிந்தார்.

“சாரே, பாத்தியளா?”

“எதை?”

“ஒண்ணுமில்ல. பாத்தியளான்னுதான் கேட்டேன்.”

நானும் பார்த்திருந்தேன். கம்மல் இல்லாத காது, கண்மூடிச் சொந்தமாகச் செய்யும் ஜெபம், ஜெபமாலை சொல்லாமல் முடிந்த வகுப்பு. மூன்றையும் சேர்த்து வைத்தபோது பெந்தேகோஸ்தேக்குப் போகிறாரோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் செய்தியில் ஊகம் எழுதக் கூடாது என்று பழகியவன். ஆகவே இப்படி எழுதினேன்: ‘ஆசிரியை பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர். பிள்ளைகள் தயக்கமின்றிப் பேசுகிறார்கள். வகுப்பின் முடிவில் சொந்த ஜெபம். ஜெபமாலை இல்லை. ஆசிரியை காதிலோ கழுத்திலோ நகை அணியவில்லை.’ நகல் ஒன்று பங்குத்தந்தைக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்து அவர் தொலைபேசியில் கூப்பிட்டார். வகுப்பை நிறுத்திவைத்திருப்பதாகச் சொன்னார். விஷயம் தெளியும்வரை அந்த அம்மாவின் மகளுக்கும் புதுநன்மை வேண்டாம் என்று பேரவையில் சொல்கிறார்களாம்.

“உங்க அறிக்கையத்தான் வாசிச்சுக் காட்டினாங்க. வெளியாள் ஒருத்தரே எழுதியிருக்காரேன்னு.”

“அவர் பெந்தேகோஸ்தேக்குப் போறார்னு நான் எழுதலையே, ஃபாதர்.”

“எழுதல. ஆனா வாசிச்ச எல்லாருக்கும் புரிஞ்சிட்டு.”

ஆசிரியை என்ன சொல்கிறார் என்று கேட்டேன். ஆறு மாதமாக மீன் கம்பெனியில் நண்டுச் சதை பிரிக்கிற வேலைக்குப் போகிறாராம். உள்ளே நகை போடக் கூடாதாம். “கம்பெனிச் சட்டம் ஞாயித்துக்கெழமைக்கும் உண்டா?” என்று துணைத்தலைவர் கேட்டிருக்கிறார். கேள்வி எனக்கும் சரியாகப் பட்டது.

மறுநாள் மாலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தரைக்குப் பெண்கள் வெளியே வந்தார்கள். ஒருத்தி காதிலும் ஒன்றும் இல்லை. கேட்டைத் தாண்டியதும் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்தும் பர்ஸைத் திறந்தும், நின்ற இடத்திலேயே கம்மலை மாட்டிக்கொண்டார்கள். ஆசிரியை கடைசியில் வந்தார். அவர் எதையும் எடுக்கவில்லை, எதையும் மாட்டவில்லை. சட்டம் உண்மைதான், இவர் மட்டும் ஏன் போடவில்லை என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். நேரே கடைக்கு வந்தார்.

“உளவு பாக்க வந்தியளா, சார்?”

டீ சாப்பிட வந்ததாகச் சொன்னேன்.

“நாகரோயில்ல இருந்து டீ குடிக்க இங்கயா? நல்ல டீதான்.” உட்காராமல் நின்றபடியே சொன்னார். “தினமும் கழத்தி மாட்டினதுல ஒரு கம்மல் இந்த வாசல் மண்ணுலயே போச்சு. மிச்சம் ஒண்ணுதான் இருக்கு. கழுத்துச் செயின் அடகுல கெடக்கு. ஒத்தக் காதுல போட்டுட்டு கோயிலுக்கு வரவா?”

“இதை அவர்களிடம் சொல்லியிருக்கலாமே.”

“யாரு கேட்டா? நீங்க கேட்டியளா? ஒரு மணி நேரம் பின்னால இருந்து எனக்க காதத்தான பாத்திய.”

அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். எங்கள் குழு சென்ற ஆண்டு ஆசிரியர் பயிற்சியில் கொடுத்த கையேட்டின் நடுப்பக்கம். ‘வகுப்பின் முடிவில் பிள்ளைகளைச் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்கச் செய்க’ என்று இருந்தது. அச்சுக்குப் போகும் முன் அதைப் பிழைதிருத்தியவன் நான்.

“எனக்கு வகுப்பு வேண்டாம் சார். பிள்ளைக்க வெள்ளச் சட்டையத் தச்சு வெச்சாச்சு. அதுக்கு மட்டும் ஒரு வழி பண்ணுங்க.”

அன்றே பங்குத்தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். கம்பெனி விதியை நேரில் உறுதிசெய்ததாகவும், அவர் கம்மல் ஒன்று தொலைந்துவிட்டதாகவும், ஜெப முறை எங்கள் கையேட்டில் உள்ளது என்றும் எழுதினேன். பேரவை அதை வாசித்தது. ஆனால் முதல் அறிக்கையை நம்பிய வேகத்தில் இதை நம்பவில்லை. ஒரு பெண்பிள்ளையின் அழுகைக்கு இரங்கி எழுதியிருப்பார் என்று ஒருவர் சொன்னாராம். கடைசியில் துணைத்தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். சனிக்கிழமை மாலை மாதா சிலை இருக்கும் கெபியின் முன்னால், ஊர்க்காரர்கள் நடுவே, ஆசிரியை முழங்காலில் நின்று ஜெபமாலையை முழுதும் சொல்லித்தர வேண்டும். மாதாவிடம் ஜெபிக்க மாட்டோம் என்கிற கூட்டத்தைச் சேர்ந்தவள் என்றால் அங்கே நாக்கு புரளாது என்பது அவர் கணக்கு.

நானும் போயிருந்தேன். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் ஆசிரியையின் குரல் ஒரே அளவில் இருந்தது. புத்தகம் பார்க்கவில்லை. பத்து மணிக்கு ஒன்றாகச் சொல்லும் தேவரகசியங்களின் வரிசை தவறவில்லை. முன்வரிசையில் சிலர் ஜெபத்தைச் சொல்லாமல் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் துணைத்தலைவர், “அப்போ சரி” என்றார். ஆசிரியை முழங்கால் மணலைத் தட்டிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

மே மாதம் மகள் மற்றப் பிள்ளைகளோடு புதுநன்மை வாங்கினாள். ஆசிரியையை மறுபடி வகுப்பெடுக்கச் சொல்லிப் பங்குத்தந்தை இரண்டு முறை ஆள் அனுப்பினார்.

ஜூன் முதல் ஞாயிறு வகுப்பில் பதினேழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதேகால்வரை காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.