சத்தம் போடாத நாற்காலி

செய்தி வந்தபோது மணி பத்து நாற்பது. ஆபீஸ் போனில் அக்கா வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியை பேசினார். பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் மயங்கி விழுந்தாளாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. "பிள்ளைங்களைப் பக்கத்து வகுப்புல உட்கார வச்சிருக்கோம். யாரும் பயப்படல" என்றார். அக்காவால் கேட்க முடிந்திருந்தால் அவளும் முதலில் அதைத்தான் கேட்டிருப்பாள்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்திரண்டு வருஷமாக மூன்றாம் வகுப்பு டீச்சர். வாரத்துக்கு ஒரு தடவை சாவியைத் தொலைப்பாள். போன் செய்தால் எடுக்கமாட்டாள். கோபம் மூக்கு நுனியில் இருக்கும்.

இந்த வருஷம் அவள் வகுப்புக்கு ஒரு சிறுமி வந்தாள். ஒரு இடத்தில் உட்காரமாட்டாள், ஒரு வரியை முடிக்கமாட்டாள். பள்ளி முழுக்க அவளுக்குப் பம்பரம் என்று பெயர். ஏற்கெனவே இரண்டு பள்ளிகள் திருப்பி அனுப்பியிருந்தன. தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்: "ஒரு பாடம், நாற்பது நிமிஷம், முழுசா உட்கார்ந்து காட்டட்டும். இல்லன்னா வருஷக் கடைசியில வேற இடம் பாத்துக்கச் சொல்லிடுவேன்." சலவைக்கடையில் வேலை பார்க்கும் அந்தப் பிள்ளையின் அம்மா, "இனிமே எங்க போறதுங்க?" என்று மட்டும் கேட்டாளாம்.

அக்கா ஒரு வாரம் எதையும் மாற்றவில்லை. பம்பரம் எழுந்த ஒவ்வொரு தடவையும் எப்போது, எதற்கு என்று நோட்டில் குறித்தாள். பிறகு கரும்பலகையைச் சுற்றி ஒட்டியிருந்த படங்களையெல்லாம் கழற்றிப் பின்சுவருக்கு மாற்றினாள். முழுப்பக்கக் கணக்குத் தாளை நாலு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டாகக் கொடுத்தாள். பலன் இருந்தது, ஆனால் போதவில்லை.

"அவ நல்லாத்தான் உட்கார்றாடி. அவ காலுதான் உட்கார மாட்டேங்குது" என்றாள் என்னிடம்.

அன்று சாயங்காலமே என்னையும் இழுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனாள். பழைய டியூப் கேட்டாள்.

"எத்தனை வேணும் டீச்சர்?"

"முப்பது நாற்காலிக்கு."

கடைக்காரர் பஞ்சர் பார்ப்பதை நிறுத்தினார். "நாற்காலிக்கெல்லாமா இப்ப பஞ்சர் ஆகுது?"

நாற்காலியின் முன்கால்கள் இரண்டுக்கும் நடுவில் டியூபை இழுத்துக் கட்டினால், பிள்ளை உட்கார்ந்தபடியே காலால் உதைத்துக்கொண்டிருக்கலாம். அதுதான் அக்காவின் யோசனை. பம்பரத்துக்கு மட்டும் கட்டினால் போதாதா என்று கேட்டேன். "ஒருத்திக்கு மட்டும் கட்டினா அது தண்டனை நாற்காலியாயிடும்" என்றாள்.

அவிழ்ந்துவிடக்கூடாதே என்று விறைப்பாகக் கட்டியதுதான் தப்பு. தலைமையாசிரியை பார்க்க வந்த அன்று, அக்கா கரும்பலகை பக்கம் திரும்பிய நேரத்தில் ஒரு நாற்காலி 'டொய்ங்' என்றது. பின்வரிசையிலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. அடுத்த நிமிஷம் முப்பது பேரும் ஷூ நுனியால் மீட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"டீச்சர், இது வகுப்பா கச்சேரியா?" என்றார் தலைமையாசிரியை.

பம்பரம் எழுந்து வெளியே ஓடிவிட்டாள். அக்கா நேராக என் வீட்டுக்கு வந்து, சமையலறையில் உட்கார்ந்து சிரித்தாள், அப்புறம் அழுதாள். "கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரு மாசம் வாங்கியிருக்கேன்" என்றாள்.

டியூப்களைத் தளர்த்திக் கட்டினோம். சத்தம் வராமலிருக்க, பழைய ஜீன்ஸ் துணியில் ஒவ்வொன்றுக்கும் நான் உறை தைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு ஜீன்ஸை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு அக்காவிடம் கெஞ்சினார். "அண்ணி, இதையாவது விட்டு வைங்க. நாளைக்கு நான் எதைப் போட்டுட்டுப் போறது?"

இரண்டாவது தடவை தலைமையாசிரியை பின்வரிசையில் நாற்பது நிமிஷமும் உட்கார்ந்திருந்தார். பாதியில் தாள் துண்டுகளைச் சேகரிக்கும் வேலையை அக்கா பம்பரத்திடம் கொடுத்தாள். அவளும் ஒரு சுற்று நடந்து, வாங்கிக் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கே திரும்பினாள். மணி அடித்ததும் தலைமையாசிரியை, "பம்பரம் இன்னைக்கு லீவா?" என்றார்.

"இங்கதான் மிஸ் இருக்கேன்!" என்றது முன்வரிசை. அவர் குனிந்து பார்த்தார். மேஜைக்கு அடியில் இரண்டு கால்களும் உதைத்துக்கொண்டேயிருந்தன. முடிவை வருஷக் கடைசியில் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம்தான் அக்கா இருந்தாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். தண்ணீரைக்கூடத் தொடவில்லை. "பம்பரத்தை எங்கயும் அனுப்பல. நாலாம் வகுப்புக்குப் போறா. உங்க அக்காவோட நோட்டை அந்த டீச்சர்கிட்ட கொடுத்திருக்கேன்" என்றார். எழுந்தவர் வாசலில் நின்று திரும்பினார். "தன் நாற்காலிக்கு உறை நீலத்துலதான் வேணுமாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னா."

நேற்று அக்காவின் சாமான்களை எடுத்துவரப் போனேன். நாலாம் வகுப்பு நாற்காலிகள் கொஞ்சம் உயரம். அதில் ஒன்றை அக்கா முன்கூட்டியே கொண்டுவந்து தன் மேஜைக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறாள். முன்கால்கள் இரண்டிலும் ஒரே மட்டத்தில் சாக்பீஸ் குறி இருக்கிறது. டியூப் இன்னும் கட்டவில்லை.