அடிக்குரலில் பாடிய ரெஜினா

குந்தாரப்பள்ளிச் சந்தையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் ரெஜினா இறந்த செய்தி எனக்கு வந்தது. கறவை மாடு ஒன்று பிடிக்கலாம் என்று நானும் என் கணவரும் போயிருந்தோம். மாடுகளின் கத்தல், தரகர்களின் கூச்சல், லாரி ஹாரன் எல்லாம் சேர்ந்து, அவளுடைய மகள் ஜெசி போனில் பேசியது என் காதில் விழவில்லை.

"சத்தமா சொல்லு பாப்பா, சந்தையில நிக்கறேன்" என்றேன். மறுபடியும் சொன்னாள். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் முறை அந்தப் பெண் கத்தவே வேண்டியதாயிற்று. "சரோஜா அத்தை, அம்மா செத்துட்டாங்க!"

காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாளாம். ஆஸ்பத்திரிக்குள் ஆட்டோ நுழையும்போதே எல்லாம் முடிந்துவிட்டதாம். அம்மாவின் சாவை ஒரு மகள் மூன்று தடவை சொல்லும்படி செய்துவிட்டேனே என்பது இன்னும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

போச்சம்பள்ளி ஷூ கம்பெனியில், மேல்தோல் தைக்கும் பிரிவில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் குரலைக் கேட்டுச் சிரித்த பலருக்கும் அவள் கதை தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். சாப்பாட்டு நேரம். பெண்கள் கழிப்பறைக்குள் ஒரு ஆண் குரல் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டோம். எங்களோடு தைக்கும் நாகம்மா தெலுங்கில் திட்டிக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். யாரோ ஓடிப்போய் செக்யூரிட்டியைக் கூட்டிவந்தார்கள். கதவு திறந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி, நெட்டையாக ஒரு பெண் வெளியே வந்தாள். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பாடுனது நான்தாம்ளா. உள்ள ஆம்பள யாருமில்ல. வேணும்னா போய்ப் பாத்துக்கிடுங்க" என்றாள், அதே குரலில்.

அன்று எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். தூத்துக்குடிக்காரி, கணவருக்கு இங்கே எலக்ட்ரீஷியன் வேலை என்பதால் கிருஷ்ணகிரிக்கு வந்தவள், எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. இவ்வளவுதான் அப்போது எங்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் அவள் கிருஷ்ணகிரியிலேயே ஏறிவிடுவாள். நான் நாகரசம்பட்டியில் ஏறும்போது எனக்காகப் பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பாள்.

பஸ்ஸில்தான் எங்கள் பாட்டுக்குழுவும் பிறந்தது. ரெஜினாதான் தன் தேவாலயப் பாட்டுகளைச் சொல்லிக்கொடுத்தாள். அவளோடு சேர்த்து ஒன்பது பேர் இருந்தோம். தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லாம் உண்டு. ஒரே பாட்டை மேல்குரல், நடுக்குரல், அடிக்குரல் என்று மூன்றாகப் பிரித்து ஒரே நேரத்தில் பாடலாம் என்பதை அதற்கு முன் அவளைத் தவிர எங்களில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அடிக்குரல் வரிசைக்கு அவள் ஒருத்தி மட்டும்தான். ஆனாலும் ஐந்து பேர் பாடுவதுபோல் இருக்கும். "அவங்க கோயில் பாட்ட நீ எதுக்குப் பாடற?" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். "பஸ்ஸு முக்கா மணி நேரம் போவுது, தூங்கறதுக்குப் பதிலாப் பாடலாம்ல" என்றேன்.

கம்பெனி ஆண்டு விழாவில் பாட எங்களைக் கூப்பிட்டார்கள். விழாவுக்கு முந்தின நாள் கேன்டீனில் ஒத்திகை. மூன்று முறை பாடினோம், மூன்று முறையும் ரெஜினா நடுவில் நிறுத்தினாள். பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "சரோஜா, ஒன் சுருதி வெலகுது. நாளைக்கு நீ வாய மட்டும் அசை. சத்தம் வேண்டாம்."

மேடையில் அப்படியே செய்தேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு மட்டும் எங்காவது போய் உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. மறுநாளிலிருந்து பஸ்ஸில் பின் சீட்டுக்குப் போய்விட்டேன். இருபது நாள் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒருநாள் காலை அவளே பின்னால் வந்தாள். "கொஞ்சம் தள்ளி உக்காருளா" என்றாள். இடம் கொடுத்தேனே தவிர, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அன்றைக்குத்தான் தன் ஊர்க் கதையைச் சொன்னாள்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுவார். சிறுமியாக அவர் பக்கத்தில் நிற்கத் தொடங்கியவள், வளர்ந்த பிறகும் ஆண்கள் வரிசையிலேயே நின்று பாடினாள். அப்பா இருந்தவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு குழுத் தலைவர் அவளைக் கூப்பிட்டு, பெண்கள் வரிசையில் நின்று பாடு, முடியாவிட்டால் கீழே ஜனங்களோடு உட்கார் என்று சொல்லிவிட்டார். நான்கு ஞாயிற்றுக்கிழமை பெண்களோடு நின்று பார்த்தாள். தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். ஐந்தாவது வாரம் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

டிசம்பர் வந்தால் அந்த ஊர்த் தெருக்கள் திருவிழாவாகிவிடும் என்றாள். சிவப்பு அங்கியும் முகமூடியும் போட்டுக் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு முன்னால் போக, பின்னால் டிரம்மும் டிரம்பெட்டும் பாட்டுமாக வீடு வீடாகப் போவார்கள். அந்த வருடம் தாத்தா வேடம் போட வேண்டிய அவளுடைய தம்பிக்குக் காய்ச்சல். அவனுடைய அங்கியை இவள் மாட்டிக்கொண்டாள். முகமூடிக்குள்ளிருந்து அடிக்குரலில் பாடினாள். "யாருப்பா அந்தத் தாத்தா, என்னமா பாடுதான்!" என்று தெருவெல்லாம் பேச்சு. தம்பியும் விட்டுக்கொடுக்க, மூன்று வருடம் அப்படிப் பாடினாள். மூன்றாம் வருடம் ஒரு வீட்டு வாசலில் வியர்வையில் முகமூடி வழுக்கி விழுந்துவிட்டது. சிரித்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த தை மாதமே அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள்.

போச்சம்பள்ளி நெருங்கிக்கொண்டிருந்தது. "அந்தக் குழுத் தலைவரு எனக்குச் செஞ்சத அப்படியே நான் ஒனக்குச் செஞ்சிருக்கேன்" என்றாள்.

"அது தெரியறதுக்கு இருவது நாளாச்சா?"

"அன்னைக்கே தெரிஞ்சு போச்சுளா. ஒன் பக்கத்துல வந்து உக்கார்றதுக்குத்தான் இருவது நாளாச்சு."

அன்று மாலையே என்னை நடுக்குரல் வரிசையில், மஞ்சுளாவுக்கும் நாகம்மாவுக்கும் இடையில் நிறுத்தினாள். "பாடறதுல பாதி, பக்கத்துல இருக்கறவளக் கேக்கறதுதான்" என்பாள். கோபக்காரி. எரிந்து விழுவாள். ஆனால் அதற்குப் பிறகு யாரையும் வாயை மூடச் சொன்னதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் டிசம்பரில் லீவு போட்டுவிட்டு ஒன்பது பேரும் ஓசூரில் ரயிலேறித் தூத்துக்குடிக்குப் போனோம். மஞ்சுளா அதுவரை கடலையே பார்த்ததில்லை. "எஷ்டு நீரு!" என்று, எவ்வளவு தண்ணீர் என்பதைக் கன்னடத்தில் சொன்னவள், கால் நனைக்கப் பயந்து அங்கேயே நின்றுவிட்டாள். மாலையில் தாத்தா ஊர்வலம் புறப்பட்டது. ரெஜினா தம்பியின் சிவப்பு அங்கியைப் போட்டுக்கொண்டாள். முகமூடியை நீட்டினார்கள். "அது வேண்டாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் போனில் படம் எடுத்தார்கள். குங்குமம் வைத்த எட்டுப் பெண்களும் திறந்த முகத்தோடு ஒரு தாத்தாவும் பாடிக்கொண்டு போவதை அந்தத் தெரு அதற்கு முன் கண்டிருக்காது. ஒரு வீட்டு வாசலில் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். ரெஜினா அங்கே நின்றுவிட்டாள். அந்தக் குழுத் தலைவர்தான் என்று அவள் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. இங்கே சண்டை வரப்போகிறது என்று பயந்தேன். அவளோ பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்து, முழுவதும் பாடி முடித்தாள்.

பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "யாரு மக நீ?"

அப்பா பெயரைச் சொன்னாள்.

"அதான பாத்தேன். அப்பன் குரல் அப்படியே இருக்கு."

"இல்ல அண்ணாச்சி. அப்பா குரல் அப்பாவோட போயிட்டு. இது என் குரல்."

அவர் தலையாட்டினார். வீட்டுக்குள்ளிருந்து கேக் கொண்டுவரச் சொன்னார். அதை வாங்கித் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தோம்.

திரும்பி வரும்போது ரயிலில் சொன்னாள்: "அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல பாத்தியா? நாந்தான் இத்தன வருசமா அந்த ஆளச் சொமந்துக்கிட்டே திரிஞ்சிருக்கேன்." சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

கிருஷ்ணகிரி தேவாலயத்தில் அவளை வைத்திருந்தபோது நாங்கள் எட்டுப் பேரும் பாடினோம். நன்றாகப் பாடினோம் என்று சொல்ல மாட்டேன். மஞ்சுளா அழுதுவிட்டாள், நாகம்மா வரியை மறந்துவிட்டாள். ஆனாலும் கடைசி வரைக்கும் பாடி முடித்தோம். ஜெசி எங்கள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

பாட்டுக்காரி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு ரெஜினா என்னை ஆக்கிவிடவில்லை. என் சுருதி இன்னும் விலகத்தான் செய்கிறது. ஆனால் என் தொண்டையிலிருந்து வருவதற்காக யாரிடமும் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதை நான் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். எப்போதும் கடைசி வரிசையில் நிற்பவள், முன்னால் போய் நின்று பெண்களோடு பாடினேன். பாட்டு முடிந்ததும் நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னா அண்ணி, புதுசாத் தொண்டை வந்திருக்குது?"

"புதுசு இல்ல, எப்பவும் இருந்ததுதான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டை நானே ஆரம்பித்தேன்.