மதுரைக்குப் போகாத படங்கள்

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தேனி அல்லிநகரத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டருக்குக்கூடத் தெரியும். ஒரு ஃபோல்டர் திறக்க நேரமானால் மவுஸை மேஜையில் ஓங்கித் தட்டுவேன். தட்டினால் திறக்காது என்பது தெரிந்தும் தட்டுவேன்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து சென்டர் திறந்த முதல் நாள். காலை எட்டரைக்கு மேகமலையிலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்தார்கள். ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. முந்தின நாள் மழையில் தொழிலாளர் லைன் வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தவர், எழுந்து காபி போட்டுக் குடித்து, நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாராம். விடியும்போது வாந்தி. அப்புறம் பேச்சு குழறியிருக்கிறது. சின்னமனூர் வரைக்கும் அந்த ரோட்டில் ஜீப்பில் குலுங்கி, அங்கிருந்து ஆம்புலன்ஸ். வீட்டுக்காரர் சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். அது அவருக்கே தெரியவில்லை.

ஸ்கேன் மெஷினில் படுக்கவைத்தபோது அந்த அம்மாவின் வலது கை கீழே தொங்கியது. எடுத்து நேராக வைத்தேன். சில்லென்று இருந்தது.

தலைக்குப் படம் எடுப்பது சில நிமிட வேலைதான். அதைப் பார்த்துச் சொல்லும் மூளை டாக்டர் இருப்பது மதுரையில். எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து படங்கள் ஃபைல் ஃபைலாக அவருடைய ஆஸ்பத்திரி கம்ப்யூட்டருக்குப் போகும். பார்த்துவிட்டு போன் பண்ணுவார். ஆறு வருஷமாக அவர் குரல் மட்டும்தான் எனக்குப் பழக்கம், முகம் தெரியாது. பக்கத்து ஆஸ்பத்திரி சர்ஜன் தயாராக நின்றார். மதுரை ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: தேனியிலேயே மண்டையைத் திறப்பதா, மதுரைக்கு அனுப்ப நேரம் இருக்கிறதா? தப்பாக முடிவெடுத்தால் அந்த அம்மா மதுரை வழியில் ஆண்டிபட்டியைக்கூடத் தாண்டமாட்டார்.

அனுப்பு என்று அழுத்தினேன். மதுரைக் கம்ப்யூட்டர் யூசர் பெயரை ஏற்றுக்கொண்டது, பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டது. "வரவேற்கிறோம்" என்றுகூட ஆங்கிலத்தில் சொன்னது. அதற்கப்புறம் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் கழித்து, தொடர்பு அறுந்தது. மறுபடி. வரவேற்பு, வட்டம், அறுந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மவுஸைத் தட்டினேன். இன்டர்நெட்டைத் திறந்து பார்த்தால் அது ஜோராக ஓடுகிறது, பட்டு வேட்டி விளம்பரம் எல்லாம் வருகிறது.

திரையை போனில் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "ஒரு பக்கம் ரத்தம் தெரியுதும்மா. ஆனா மூளையோட நடுக்கோடு எவ்வளவு தள்ளியிருக்குன்னு இதை வச்சுச் சொல்ல முடியாது. எல்லாப் படத்தையும் அனுப்புங்க, சீக்கிரம்."

வெளியே வந்தால் வீட்டுக்காரர் எதிரே வந்து நின்றார். "டாக்டரு என்ன சொன்னாக, ஆத்தா?"

"பாத்துக்கிட்டு இருக்காக" என்றேன். பொய்.

எங்கள் நெட்வொர்க்கைப் போட்டுக்கொடுத்தவர் கம்பத்தில் மாமனார் வீட்டில் இருந்தார். போனை எடுத்ததும் கத்தினேன். அவர் பதற்றப்படவே இல்லை; அதுவே எரிச்சலாக இருந்தது.

"லாகின் ஆகுதாக்கா?"

"ஆகுது."

"உள்ள இருக்கிற ஃபோல்டரு எதுவும் தெரியுதா?"

"ஒன்னும் தெரியலை. சுத்துது."

"அப்ப பாஸ்வேர்டு சரி, மதுரையிலயும் சரி. உங்க போன் நெட்டுல கம்ப்யூட்டரைக் கனெக்ட் பண்ணி ஒருக்கா பாருங்க."

பார்த்தேன். மதுரையின் ஃபோல்டர்கள் எல்லாம் கடகடவென்று வந்து நின்றன. கோளாறு எங்கள் சென்டருக்குள்ளேதான் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் ஸ்கேன் அறைப் பக்கம் சுவர்கள் கனம், போன் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறாது. அனுப்பிப் பார்த்தால் மூன்றாவது படத்தில் நின்றுபோனது.

"இப்படி ஃபைல் அனுப்புறதுல பேச்சுக்கு ஒரு வழி, சரக்குக்கு ஒரு வழிக்கா" என்றார் அவர். "குமுளி செக்போஸ்ட்ல டிரைவரு இறங்கி நடந்து போயி பேசிட்டு வந்துருவாரு, லாரி இங்கனயே நிக்கும். அந்த மாதிரிதான். நெட்டுக்கு வாசல்ல காவல் நிக்கிற உங்க ஃபயர்வால் பெட்டி சரக்கு வழிய மறிக்குது. ஆனா ஸ்கேன் கம்ப்யூட்டருக்கு மட்டும் நான் திறந்துவிட்ருக்கனே. யாராச்சும் அந்தப் பெட்டியத் தொட்டீகளா?"

"ஒருத்தரும் தொடலை!" சத்தியமாகச் சொன்னேன். கோபமாகவும் சொன்னேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். "பூஜைக்குத் துடைச்சீகளாக்கா?"

துடைத்திருந்தேன். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஆனாலும் எங்கள் சென்டரில் ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் நான்தான். எனக்குக் கை நேராக வரும் என்பார்கள். எல்லா ஒயரையும் பிடுங்கி, தூசி தட்டி, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, திரும்ப மாட்டுவேன். அதைத் தொட்டதாக எங்களில் யாரும் கணக்கில் வைப்பதில்லை. பூஜை வேறு, தொடுவது வேறு.

பெட்டியிடம் ஓடினேன். முகப்பில் வரிசையாக ஒயர் மாட்டும் நாலு ஓட்டை. ஒவ்வொன்றுக்கும் மேலே அச்சடித்திருந்த எண் மீது, அளவெடுத்தது போல, காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும். என் கைவேலைதான். எண் எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு உத்தேசமாக மாட்டியிருக்கிறேன். பச்சை விளக்கு எரிந்தது, இன்டர்நெட் வந்தது, சரி என்று போய்விட்டேன்.

துப்பட்டா நுனியில் எச்சில் தொட்டுத் துடைத்தேன். ஸ்கேன் கம்ப்யூட்டர் ஒயர் மூன்றில் இருந்தது. மூன்று, வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கான வைஃபை. அதில் வேடிக்கை பார்க்கலாம், சரக்கு போகாது. பிடுங்கி, ஸ்கேன் கம்ப்யூட்டருக்கு உரிய இரண்டில் செருகினேன்.

அனுப்பு என்று அழுத்தினேன். வரவேற்பு. வட்டம் அரை நொடிகூட நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, ஏழு, பதினைந்து என்று எண் ஏறியது. மேகமலையில் ஏலக்காய் பறிக்கும் ஒரு பெண்ணின் தலை, மெல்லிய மெல்லிய வில்லையாக, என் கண்ணெதிரே மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் இங்கே கண்மூடிப் படுத்திருக்கிறார். அங்கே முகம் தெரியாத ஒருவர் அவருடைய மூளையைப் பார்க்கிறார். ஆறு வருஷமாகத் தினமும் இதைச் செய்கிறேன். ஒருநாள்கூட ஆச்சரியப்பட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

கடைசிப் படம் போய் முடிந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. "மதுரைக்கு அனுப்பாதீங்க. தாங்காது. அங்கேயே, இப்பவே திறக்கச் சொல்லுங்க."

ஸ்ட்ரெச்சர் ஓடியது. வீட்டுக்காரர் பின்னால் ஓடினார், சட்டை உள்வெளியாக அப்படியே. நாற்பது நிமிடம் என் பொட்டுக்காகக் காத்திருந்தோம் என்பது அவருக்குத் தெரியாது.

நாலு மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு முடி விரற்கடை அளவு வளர்ந்திருந்தது. பேச்சு தெளிவாக இருந்தது. பஸ்ஸில் சீட்டு தராத கண்டக்டரை நன்றாகவே வைதுகொண்டிருந்தார். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான் பொட்டு வைத்தது, எண் மறைந்தது, நாற்பது நிமிடம்.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "எந்தப் பெட்டி தாயி?"

காட்டினேன். உற்றுப் பார்த்தார். "பொட்டு எங்க?"

"அழிச்சிட்டேம்மா."

"அடியாத்தி! என் உசுரக் கொண்டுபோயி மதுரையில காட்டுன பெட்டி, அத மூளியாவா வச்சிருக்கீக?"

முந்தியில் முடிந்திருந்த வீரபாண்டிக் கோயில் குங்குமப் பொட்டலத்தை அவிழ்த்தார். அவர் விரல் நேராக எண்களை நோக்கிப் போனது. பதறிப்போய்க் கையைப் பிடித்தேன். "அங்கன வேண்டாம்மா, இங்கன" என்று பெட்டியின் தலைக்கு மேல் கொண்டுபோனேன். வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அதே வலது கைதான். கதகதவென்று இருந்தது. விடத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.